பழைய மாருதிக்கு எந்தப் பூட்டு?

கார்புரேட்டர் காலத்து மாருதி 800 வைத்திருப்பவர்களில் பலருக்கு இது பழகிய காட்சி: வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைச் சும்மா உருவி எடுக்கலாம், எஞ்சின் பாட்டுக்கு ஓடும். என்னுடைய 1998 மாடலும் அப்படித்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் உரசி உரசிச் சாவியின் பல்லும் தேய்ந்துவிட்டது, பூட்டின் உள்ளே இருக்கும் தகடுகளும் தேய்ந்துவிட்டன. ஏறக்குறைய அதே வெட்டுள்ள வேறு சாவிக்கும் திறந்துவிடும் நிலைமை.

சாவியைத் தாண்டினால் உள்ளே தடுப்பதற்கு ஆளே இல்லை. இக்னிஷன் காயிலுக்கு 12 வோல்ட் போக வேண்டும், ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். 'நீ யார்' என்று கேட்க இந்த வண்டியில் கம்ப்யூட்டரே கிடையாது. பிறகு வந்த கார்களில் சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிப் இருக்கும். இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள காயில் அதைப் படிக்கும். குறியீடு பொருந்தாவிட்டால் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் அதை ஓடவிடாது. இதுதான் இம்மொபிலைசர். மாருதி இதற்கு ஐகேட்ஸ் என்று பெயர் வைத்தது.

இது இல்லாததற்கு வண்டியின் வயதுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் 1998-லும், ஆஸ்திரேலியாவில் 2001-லும், கனடாவில் 2007-லும் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. அமெரிக்கா கட்டாயப்படுத்தவில்லை. அங்கே விற்ற 2015 மாடல் ஹுண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில்தான் அது இருந்தது. மற்ற கம்பெனிகளின் கார்களில் 96 சதவீதம். சில வருடம் கழித்து அந்த இரண்டு கம்பெனி வண்டிகளை யுஎஸ்பி ஒயரின் முனையை வைத்தே திருகி ஓட்டிப்போகும் வீடியோக்கள் பரவின. சாவியோடு பேசத் தெரியாத கார், பத்து வருடப் பழசாக இருந்தாலும் என் 800-க்குச் சமம்தான்.

பெங்களூரின் பழைய பேட்டைகளில் பாதி வீடுகளுக்கு கார் நிறுத்த இடமில்லை. ராத்திரி முழுக்கத் தெருதான். அதனால் ஜே.சி. ரோட்டுக்குப் போய், வெளியிலிருந்து மாட்டக்கூடிய காவல்களை வாங்கிப் பார்த்தேன்.

முதலில் ஸ்டியரிங் லாக், அந்த மஞ்சள் தடி. தூரத்திலேயே கண்ணில் படும், அதுதான் அதன் பலம். ஆனால் 800-இன் ஸ்டியரிங் வளையம் ஒல்லி. தடியை விட்டுவிட்டு வளையத்தை அறுத்தால் கதை முடிந்தது.

கியர் லாக் அப்படியில்லை. ரிவர்ஸில் போட்டுப் பூட்டினால் லீவர் அசையாது; உடைக்க நேரம் பிடிக்கும், சத்தமும் வரும். மாட்டும்போது தளத்தில் துளை போடுவார்கள், அந்த இடத்தில் துருவுக்கு எதிரான பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். ஒரு ஓட்டை உண்டு: முன்சக்கர இயக்கம் என்பதால் முன்பக்கத்தைத் தூக்கி இழுத்தால் கியர் பூட்டு எதையும் தடுக்காது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து வையுங்கள், அது பின்சக்கரத்தைப் பிடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது மறைவு சுவிட்ச். பெட்ரோல் பம்பை நிறுத்தும்படி வைக்கலாமா என்று அல்சூர் மெக்கானிக்கிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். "சார், இதுல பம்ப் மெக்கானிக்கல். கரண்ட்ல ஓடுறதே இல்ல. காயில் ஒயர்லதான் வெக்கணும்." வைத்தார். இப்போது அந்தச் சுவிட்சை அணைத்து வைத்தால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. பழைய வண்டி முரண்டு பிடிக்கிறது என்றுதான் எவனும் நினைப்பான். எங்கே வைத்திருக்கிறது என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களும் யாரிடமும் சொல்லாதீர்கள். இணைப்பை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போக விடாதீர்கள், சால்டர் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் சில்க் போர்டு நெரிசலில் வண்டி தானாக நின்றுவிடும்.

ஜிபிஎஸ் டிராக்கர் நன்றாகத்தான் வேலை செய்தது, அடித்தள பார்க்கிங்கில் சிக்னல் போனதைத் தவிர. ஆனால் அது எப்போதும் கரண்ட் குடிக்கும். 30 மில்லியாம்பியர் என்று வைத்தால்கூட, 800-இன் சின்ன 35 ஏஎச் பேட்டரி மூன்றரை வாரத்தில் பாதியாகிவிடும். மேலும் அது திருட்டைத் தடுப்பதில்லை, போன பிறகு சொல்கிறது.

2019 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகளுக்கும் கர்நாடக அரசு 2023-இல் கட்டாயமாக்கிய உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் ஓரளவுதான் உதவும். கழற்றினால் உடைகிற பூட்டும் லேசர் எண்ணும் பிளேட் மாற்றுபவனுக்குத்தான் தொல்லை. பிரித்துப் பாகமாக விற்பவனுக்குப் பிளேட் எதற்கு?

என் தீர்ப்பு: ஒன்றுக்குத்தான் காசு என்றால் மறைவு சுவிட்ச், இரண்டுக்கு என்றால் கூடவே கியர் லாக். டிராக்கர், தினமும் வண்டி எடுப்பவருக்கு மட்டும். எதை மாட்டினாலும் இன்ஷூரன்ஸ் பாலிசியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பழைய வண்டிதானே என்று தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தால், கார் திருடு போனால் ஒரு ரூபாய்கூட வராது.