தெப்பக்குளத்தைக் குறுக்கே கடந்த கோடு

ஓஎஸ்எம்ஆண்ட் மேப் ஆப்பில் ‘டிரிப் ரெக்கார்டிங்’ என்றொரு வசதி உண்டு. நடக்கிற பாதையை ஜிபிஎஸ் புள்ளிகளாகக் குறித்து ஜிபிஎக்ஸ் ஃபைலாகத் தரும், நெட் வேண்டாம். ரெக்கார்டிங்கை ஆன் செய்து, போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றினேன். தெற்கு மாட வீதியில் முக்கால்வாசி தூரம் கோடு ஒழுங்காக வந்திருக்கிறது. அப்புறம் ஆர்.கே. மடம் சாலையையே காணோம். கபாலீசுவரர் தெப்பக்குளத்தின் மேல் நேராகப் பாய்ந்து வடக்கு மாட வீதியில் கரையேறியிருக்கிறது!

ஆப்பைத் திட்டிப் பயனில்லை. 2017-இல் ஆண்ட்ராய்டு 8 வந்ததிலிருந்து, பின்னணியில் கிடக்கும் ஆப்புக்கு மணிக்குச் சில தடவைதான் லொகேஷன் கிடைக்கும். தொடர்ந்து வேண்டுமென்றால் ‘ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ்’ ஓட வேண்டும். மேலே நிற்கும் நோட்டிஃபிகேஷன் அதற்கான அடையாளம். ஓஎஸ்எம்ஆண்ட் அதை முறையாகவே செய்கிறது. ஆனால் போன் கம்பெனிகள் சில, பேட்டரி நின்று பேசுகிறது என்று பெயர் வாங்க, கூகுளின் விதிகளுக்கு மேல் தங்கள் கத்தரியையும் போடுகின்றன. என் பட்ஜெட் போனும் அந்த ரகம்தான்.

ஆப் இன்ஃபோவில் பேட்டரியை ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ ஆக்கி, ஆட்டோஸ்டார்ட்டை ஆன் செய்து, ரீசன்ட்ஸில் ஆப்பை லாக் செய்ததும் கோடு குளத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. லொகேஷன் அனுமதியை ‘எப்போதும்’ என்று வாரி வழங்க வேண்டாம். ஆப் திரையில் இருக்கும்போதே ரெக்கார்டிங்கைத் தொடங்கினால், ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்பதே போதும்.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் வேறு கூத்து. கோடு துணிக்கடைக்குள் நுழைந்து பாத்திரக்கடை வழியாக வெளியே வருகிறது. அதற்காக செட்டிங்ஸைக் குடையாதீர்கள். கட்டடங்களில் பட்டுத் தெறிக்கும் சிக்னலின் வேலை அது. கோடு கோணல்மாணலாக இருந்தால் சர்வீஸ் உயிரோடு இருக்கிறது. திருப்பம் இருக்கும் இடத்தில் நீளமாக நேர்கோடு விழுந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அதனால்தான் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை இந்தச் சோதனைக்கு லாயக்கில்லை: சாலையே நேராகப் போகிறது, நடுவில் சர்வீஸ் செத்திருந்தாலும் கோட்டில் தெரியாது.

ஆண்ட்ராய்டு 13 முதல் அந்த நோட்டிஃபிகேஷனைத் தள்ளிவிடலாம். சர்வீஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ‘ஆக்டிவ் ஆப்ஸ்’ பட்டியலில் இருக்கும் ‘ஸ்டாப்’ பட்டனில் மட்டும் கை வைக்காதீர்கள். அது ஆப்பையே மொத்தமாக நிறுத்திவிடும்.