குதிரைக்கு மதிப்பெண் இல்லை

குதிரையின் பழக்கிய அசைவுகளுக்கு நடுவர்கள் மதிப்பெண் போடும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் பாதி முடிவு குதிரையை விலை பேசும்போதே தெரிந்துவிடும் என்பது பழைய புலம்பல். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. பிறவியிலேயே விரிந்த நடை கொண்ட ஜெர்மன், டச்சுக் குதிரைகள் சுமாரான சவாரிக்கும் பத்துக்கு ஏழு வாங்கித் தந்துவிடும். பண்ணையில் வளர்ந்த சாதாரணக் குதிரை அதே அசைவுக்கு ஐந்தரை வாங்கினால் பெரிது. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி இந்தப் போட்டியில் தங்கம் வென்றபோது நம்மவர்களில் பலர் முதன்முறையாக டிரெஸ்ஸாஜ் பார்த்தார்கள். குதிரை செய்வது கண்ணுக்குத் தெரிகிறது, மேலே இருப்பவர் செய்வதுதான் தெரிவதில்லை. தெரியக் கூடாது என்பதே விதி.

அந்தத் தெரியாத வேலையை மட்டும் எடைபோட அமெரிக்காவில் ஒரு தனிப் போட்டி உண்டு. டிரெஸ்ஸாஜ் அமர்வுப் போட்டி என்று சொல்லலாம். சவாரியாளர் சேணத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறார், அந்த அமர்வைக் கொண்டு குதிரையிடம் என்ன சாதிக்கிறார் என்பதே நடுவரின் கவலை. குதிரையின் அழகுக்கும் நடைக்கும் மதிப்பெண் இல்லை. அமர்வைத் தனியே மதிப்பிடும் வழக்கம் அந்த நாட்டில் புதிதல்ல. வேலி தாண்டும் பாணியில் இளையோருக்கான மக்லே கோப்பை 1933-லிருந்து இருக்கிறது. டிரெஸ்ஸாஜில் வயதுவந்த அமெச்சூர்களுக்கும் இடம் கிடைத்ததுதான் விசேஷம். 22 வயதை எட்டியிருக்க வேண்டும். குதிரை பழக்கியோ சவாரி கற்றுக்கொடுத்தோ காசு வாங்கக் கூடாது. அதாவது பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, மாலையில் லாயத்துக்கு ஓடிவருகிற வக்கீல்கள், செவிலியர்கள், ஆசிரியைகளின் பந்தயம்.

நல்ல அமர்வு எது என்பதை வரையறுக்க இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முயன்றுவருகிறார்கள். சேணமோ அங்கவடியோ இல்லாத கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே கிரேக்கப் படைத்தலைவர் ஸெனஃபோன், நாற்காலியில் உட்காருவதைப் போல் உட்காராதே, கால்களை அகட்டி நிற்பதைப் போல் இரு என்று எழுதிவிட்டார். இன்றைய பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்துவதும் அதைத்தான். பதினாறாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸின் கிரிசோனே வகையறா முரட்டுத்தனமாகக் குதிரையை அடக்கியது ஒரு காலம். அதைக் கடந்து, பிரான்ஸின் கெரினியேர் 1733-இல் வெளியிட்ட நூலில் அமர்வுக்கு ஒரு இலக்கணம் கிடைத்தது. நெஞ்சை விறைத்துக்கொண்டு, காலை முன்னே நீட்டி உட்காரும் பழைய தோரணையை விட்டு, உடலின் எடையைச் சேணத்தின் நடுவில் இறக்கி, தொடையைத் தளர விடச் சொன்னார். இன்று டிரெஸ்ஸாஜ் உலகில் எந்தப் பாணிக்காரரும் அவர் பெயரைச் சொல்லாமல் வாய் திறப்பதில்லை.

அந்த நூலை வேதமாகப் பிடித்துக்கொண்ட இடம் வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளி. 1565-லேயே பதிவு உள்ள நிறுவனம். 2015-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. அங்கே சேரும் மாணவருக்குக் கடிவாளமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது. அனுபவம் முற்றிய லிப்பிஸானர் ஆண்குதிரையின் மேல் ஏற்றி, பயிற்சியாளர் நீண்ட கயிற்றில் அதை வட்டமாகச் சுற்றவிடுவார். மாதக்கணக்கில் இதுதான் பாடம். கை எதையும் பற்றாமலே உடல் தன் சமநிலையைக் கண்டுகொண்ட பிறகுதான் வாரைக் கையில் கொடுப்பார்கள். கிழட்டுக் குதிரை இளைஞனுக்குக் கற்றுக்கொடுக்கும், முதிர்ந்த சவாரியாளர் இளங்குதிரைக்குக் கற்றுக்கொடுப்பார். பெண்களுக்கு இந்தக் கதவு திறக்க 2008 வரை ஆனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிரெஞ்சுப் பாணி சொமூர் நகரில் வாழ்கிறது. கருப்புச் சீருடை அணிந்த காத்ர் நுவார் பயிற்சியாளர்கள், குதித்து உதைக்கும் குதிரைகளின் மேல் அங்கவடியில்லாமல் அமர்ந்திருப்பதைப் பார்த்தால் இவர்கள் எலும்பு எதனால் ஆனது என்று தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சவாரி ஆசான்களான போஷே ஒரு பக்கம், தோர் ஒரு பக்கம் என்று பிரான்ஸே இரண்டுபட்டுக் கிடந்தது. இருவரிடமும் பாடம் கேட்ட ஜெனரல் லோத் பிற்பாடு இரண்டையும் இணக்கினார். பிரெஞ்சுப் பாணிக்கு முதல் லட்சணம் லேசுத்தன்மை: கை சொல்வது குதிரைக்கு மட்டும் கேட்க வேண்டும்.

ஜெர்மன் பாணி ஆழமான அமர்வையும் முதுகின் வேலையையும் முன்னே வைக்கும். அதன் ஆசான் ஸ்டைன்பிரெஹ்ட்டின் குறிப்புகளை 1880-களில் அவர் மாணவர் பிளின்ட்ஸ்னர் நூலாக்கினார். ‘இதுதான் சரியான அமர்வு’ என்று ஓர் அச்சைக் காட்டுகிறவர்களோடு ஸ்டைன்பிரெஹ்ட்டுக்கு ஒத்துவராது. குதிரையின் புவியீர்ப்பு மையம் நகர நகர சவாரியாளரின் மையமும் அதன் மேல் நிற்க வேண்டும், ஆகவே அமர்வு நிலையான சிலை அல்ல என்பது அவர் கட்சி. ஜெர்மன் ராணுவக் கையேடு அவரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. ஆனால் பின்னால் வந்த பாடப்புத்தகங்கள் பக்கவாட்டுப் படம் வரைந்து காதிலிருந்து தோள், இடுப்பு, குதிகால் என ஒரு நேர்கோட்டை இழுத்துவிட்டன. அந்தக் கோடு பயனுள்ளதுதான், ஆனால் அதற்குக் கிடைத்திருக்கும் மரியாதை அதிகம் என்பது என் எண்ணம். நிற்கிற குதிரையில் கோட்டை யார் வேண்டுமானாலும் காட்டலாம்.

ஓடுகிற குதிரையில்தான் சங்கதி. டிராட் என்பது முன்கால் ஒன்றும் எதிர்ப்பக்கப் பின்கால் ஒன்றும் சேர்ந்து விழும் இரட்டைத்தாள நடை. இரண்டு அடிகளுக்கு நடுவே குதிரை ஒரு கணம் அந்தரத்தில் இருக்கும். ஒவ்வோர் அடிக்கும் அதன் முதுகு மேலே தள்ளும். முழங்காலை இறுக்குகிற சவாரியாளர் அந்தத் தள்ளலில் எகிறி, மறுபடி பொத்தென்று சேணத்தில் விழுவார். வலி தாங்காத குதிரை முதுகைக் குழித்துக்கொள்ளும், நடை இன்னும் குலுங்கும், மேலே இருப்பவர் இன்னும் இறுக்குவார். இதிலிருந்து வெளியேற ஒரே வழி, இடுப்பெலும்பைக் குதிரை முதுகோடு அசைய விடுவது. தலையில் குடம் சுமந்து வருகிறவள் இடுப்பை இளக விட்டுத்தானே கழுத்தை அசையாமல் வைத்துக்கொள்கிறாள்!

அமெரிக்கப் போட்டியில் நடுவர் தேடுவது இதைத்தான். பலர் ஒன்றாக அரங்கில் சுற்றுவார்கள்: நடை, அமர்ந்த டிராட், கேன்டர் என்ற மிதமான பாய்ச்சல், பிறகு திசை மாற்றி மறுபடியும். அங்கவடியை விட்டுவிட்டுச் செய்யச் சொல்லவும் நடுவருக்கு உரிமை உண்டு. அந்த நேரத்தில் முகத்தைப் பார்ப்பதைவிடக் கட்டைவிரலைப் பாருங்கள். விதிப்படி கையில் மிக உயரமான இடம் கட்டைவிரல். முழங்கையிலிருந்து குதிரையின் வாய்வரை நேர்கோடு. அங்கவடி போனதும் சிலருக்கு முழங்கால் மெல்ல மேலேறும், அதே நொடியில் முஷ்டி கவிழும், வார் தொய்ந்து பிறகு சுண்டும், குதிரை வாயைத் திறக்கும். இன்னொருவருக்கு எதுவும் நடக்காது. கால் மட்டும் ஒரு விரற்கடை நீளும். இருக்கையைச் சாராத கை என்று விதிப்புத்தகம் கேட்பது அதைத்தான். முன்னவர் எவ்வளவு அழகாக உடுத்தியிருந்தாலும் கதை முடிந்தது.

அமர்வு என்பது தோற்றமா செயலா என்ற வழக்கு ஒலிம்பிக்கிலேயே ஒருமுறை தீர்ந்தது. 1948 வரை அங்கே டிரெஸ்ஸாஜ் ராணுவ அதிகாரிகளின் சொத்து. அந்த ஆண்டு லண்டனில் வென்ற ஸ்வீடன் அணியில் ஒருவர் உண்மையில் சார்ஜென்ட்தான் என்று தெரியவந்ததும் தங்கத்தையே பறித்தார்கள். 1952-இல் ஹெல்சிங்கியில் சாதாரணக் குடிமக்களுக்கும் பெண்களுக்கும் வழி திறந்தது. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் வெள்ளி வென்றார். 1944-இல் போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர்; குதிரையில் ஏறவும் இறங்கவும் துணை வேண்டும். குதிகாலைக் கீழே அழுத்து என்பது எல்லாப் பாணிக்கும் பொது மந்திரம், அதைச் செய்ய அவரால் இயலாது. எடையாலும் முதுகாலும் மட்டுமே ஜூபிலியை ஓட்டினார். 1956-இல் மறுபடியும் வெள்ளி.

நாற்பதைத் தாண்டிய அமெச்சூர்களின் சிக்கல் வேறு. எட்டு மணி நேரம் நாற்காலியில் இருந்து இடுப்பின் முன்தசை சுருங்கிப்போன உடலை, ஸெனஃபோன் வேண்டாம் என்ற அதே நாற்காலித் தோரணை குதிரை மேலும் துரத்திவரும். இவர்களுக்குப் பெரிய உபகாரம் செய்தவர் சாலி ஸ்விஃப்ட். சிறுவயதிலேயே முதுகெலும்பு வளைந்தவர். எழுபதைக் கடந்து 1985-இல் ‘சென்டர்ட் ரைடிங்’ நூலை வெளியிட்டார். தோளைப் பின்னால் தள்ளு, குதிகாலை இறக்கு என்று உறுப்பு உறுப்பாக அதட்டாமல், மூச்சு, பார்வை, உடலின் மையம் என்று பேசினார். வியன்னா மாதக்கணக்கில் கயிற்றில் சுற்றித் தருவதை, வாரத்துக்கு மூன்று மாலைதான் கிடைக்கிறவர்கள் எட்ட அது ஒரு குறுக்குவழி. மரபுவாதிகள் முகம் சுளித்தார்கள். நான் சாலி ஸ்விஃப்ட் கட்சி.

ஜெர்மனியிலும் அமெரிக்க அமர்வுப் போட்டிக்கு இணையான பிரிவு உண்டு. குதிரையைவிடச் சவாரியாளரின் அமர்வுக்கும் குதிரையை ஆளும் திறனுக்கும் முதலிடம் தரும் தேர்வு அது. முடிந்ததும் நடுவர் எண்ணைத் தருவதோடு, பெரும்பாலும் ஒலிபெருக்கியில் காரணத்தையும் சொல்லிவிடுவார்: வலத்தோள் சரிகிறது, டிராட்டில் முழங்கால் ஏறுகிறது என்று ஊரறிய. கேட்பவருக்குக் காது சுடும், அடுத்த வாரப் பயிற்சிக்கு அதைவிட நல்ல குறிப்பு வேறு கிடைக்காது. அமெரிக்கக் குழுச் சுற்றில் வரிசைப்படி ரிப்பன் கையில் வரும். மூன்றாவதாக வந்தவர் தனக்கு முன்னால் இருவர் எதில் உயர்ந்தார்கள் என்பதைத் தானே ஊகிக்க வேண்டும். பெரியவர்கள் பிரிவிலாவது அந்த ஒலிபெருக்கியைக் கடன் வாங்கலாம்.