உருண்டை கட்டிய ஸ்வெட்டருக்கு ஒரு ஷேவர்

நல்ல ஸ்வெட்டர் கிழிந்து வீணாவது அபூர்வம். சாயம் போயிருக்காது, பின்னலும் விட்டிருக்காது. ஆனால் அக்குளிலும் முழங்கையிலும் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொண்டு, வெளியில் போட்டுப் போக மனம் வராமல் பீரோவுக்குள் போய்விடும். அதை மீட்கத்தான் இந்தச் சின்ன மெஷின். ஆன்லைனில் 'லிண்ட் ரிமூவர்' என்று தேடினால் வரும். அதே பெயரில் ஒட்டும் ரோலரையும் விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள். ரோலர் முடியையும் தூசியையும் எடுக்கும். உருண்டையை அசைக்கக்கூட அதனால் முடியாது.

மெஷினின் அமைப்பு எளிது. தலையில் ஓட்டை ஓட்டையாக ஓர் உலோக வலை, அதற்கு அடியில் சுழலும் பிளேடு, வெட்டிய பஞ்சு போய்ச் சேர ஒரு டப்பா. ஓட்டைக்குள் எட்டிப் பார்க்கும் உருண்டையை பிளேடு சீவி எடுக்கிறது. பேட்டரி போடும் வகை, சார்ஜ் ஏற்றும் வகை இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். அக்ரிலிக் ஸ்வெட்டர், கம்பளி கார்டிகன், பாலியஸ்டர் கலந்த டீ-சர்ட் மூன்றிலும் சோதனை.

அக்ரிலிக்கில் கிடைத்த பலன் அசர வைக்கிறது. துணியை மேஜைமேல் சுருக்கமில்லாமல் விரித்து, அழுத்தாமல், சின்னச் சின்ன வட்டமாக ஓட்ட வேண்டும். வைத்ததும் கரகரவென்று சத்தம் வரும். உருண்டைகள் வெட்டுப்பட வெட்டுப்பட அது தணிந்து, கடைசியில் மோட்டார் இரைச்சல் மட்டும் மிஞ்சும். அந்த இடம் முடிந்தது, அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். அதற்குமேலும் அங்கேயே தேய்த்தால் நல்ல இழையும் சேர்ந்து போகும். டப்பாவைத் திறந்தால் ஸ்வெட்டரின் நிறத்திலேயே கெட்டியாக அமுங்கிய பஞ்சு. அதை அவ்வப்போது தட்டிவிடாவிட்டால் பிளேடு திணறுகிறது.

கார்டிகனில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பின்னலாடை என்பது நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போவது. தளர்ந்த ஒரு வளையம் ஓட்டைக்குள் மாட்டி அறுந்தால், அங்கிருந்தே பின்னல் பிரியும். பட்டன் ஓரம், தையல், மணிக்கட்டு ரிப் பக்கம் மெஷினையே கொண்டுபோகாதீர்கள். துணிக்கும் வலைக்கும் இடைவெளி விடும் பிளாஸ்டிக் மூடி சில மாடல்களில் வருகிறது. கம்பளிக்கு அது கட்டாயம். மிக மெல்லிய கம்பளிக்கு ஸ்வெட்டர் சீப்பே போதும். வேலை மெதுவாக நடக்கும், சேதம் குறைவு.

டீ-சர்ட்டில் பலன் சுமார்தான். உருண்டைகள் பொடிப்பொடியாக, துணியோடு ஒட்டிக் கிடப்பதால் பாதிக்கு மேல் வலைக்குள் நுழையவே இல்லை.

இரண்டு வகை மெஷினுக்கும் உள்ள வித்தியாசம் வேகத்தில் தெரிகிறது. பேட்டரி இறங்க இறங்க பிளேடு சோர்ந்து, வெட்டுவதற்குப் பதில் இழையைப் பிடித்து இழுக்கிறது. துணி கெடுவது அப்போதுதான். சார்ஜ் ஏற்றும் வகையில் கடைசிவரை வேகம் அவ்வளவாகக் குறையவில்லை.

எந்த மெஷினும் உருண்டையைத்தான் எடுக்கும், அது வரும் காரணத்தை எடுக்காது. நூலில் இருக்கும் குட்டை இழைகள் உரசலில் மேலே கிளம்பி, ஒன்றோடொன்று சிக்கிக் கட்டிக்கொள்கின்றன. கம்பளியில் கட்டிய உருண்டை நாளடைவில் அறுந்து உதிர்வதுண்டு. பாலியஸ்டர் இழை வலுவானது, உருண்டையை விடாமல் பிடித்து வைத்திருக்கும். கலப்புத் துணிகளில் தொல்லை அதிகமாக இருப்பது இதனால்தான்.

திருப்பூர் பனியன் தொழிலில் இதற்குத் தீர்வு தையலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்டு நூலில் துணி ஓட்டுவார்கள். பிறகு பயோ வாஷ்: செல்லுலேஸ் என்ற என்சைம் பருத்தித் துணியின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைக் கரைத்துவிடும். ஏற்றுமதித் துணியை மார்ட்டின்டேல் மெஷினில் உரசவிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவதும் உண்டு. 5 என்றால் உருண்டையே இல்லை. லேபிளில் 'கோம்டு', 'பயோ வாஷ்' என்று இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். தொட்டதும் பஞ்சு மாதிரி பொசுபொசுவென்று இருக்கும் தளர்ந்த பின்னல் சீக்கிரம் உருண்டை கட்டும்; நெருக்கமான பின்னல் தாங்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது உரசலைக் குறைப்பது. துவைக்கும் முன் உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். ஜீன்ஸ், டவல், ஜிப் வைத்த துணிகளோடு சேர்த்துப் போடாதீர்கள். வாஷிங் மெஷினில் ஜென்டில் மோடு போதும். பிரஷ் போட்டுத் தேய்ப்பது, கல்லில் அடிப்பது இரண்டும் பின்னலாடைக்கு ஆகாது. தினமும் முதுகுப்பை மாட்டுகிறவர்களின் ஸ்வெட்டரில் தோள்பட்டையும் முதுகும்தான் முதலில் போகும். ஒரே ஸ்வெட்டரை நாள் தவறாமல் போடாமல் மாற்றிப் போடுவது நல்லது.

குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களும், அக்ரிலிக், கம்பளி ஆடைகள் நிறைய வைத்திருப்பவர்களும் தயங்காமல் வாங்கலாம். டீ-சர்ட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம். வாங்குவதானால் சார்ஜ் ஏற்றும் வகையாக, இடைவெளி மூடியோடு, தலையைக் கழற்றினால் பிளேடு சுற்றாத லாக் உள்ளதாகப் பாருங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த லாக் இல்லாத மெஷின் கூடவே கூடாது. மழுங்கிய பிளேடு துணியைக் கெடுக்கும் என்பதால், மாற்று பிளேடு தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள்.