குடலுக்கு 61 மார்க்

ஆறு மாசமாக வயிறு சரியில்லாத என் அண்ணன், வீட்டிலேயே மலம் எடுத்து அனுப்பிக் குடல் பாக்டீரியா பரிசோதனை செய்தார். 'குடல் ஆரோக்கியம் 61/100, தயிரைக் குறைக்கவும்' என்று ரிப்போர்ட் வந்தது. மனுஷன் தயிர்சாதத்தையே விட்டுட்டார்.

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. 16எஸ் மரபணுவைப் படித்து எந்த பாக்டீரியா எத்தனை சதவீதம் என்று சொல்லலாம். ஆனால் அது சதவீதம்தான், எண்ணிக்கை இல்லை. ஒன்று பெருகினாலே மற்றவை குறைந்த மாதிரி தெரியும். 'இதுதான் ஆரோக்கியமான அளவு' என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட வரம்பும் கிடையாது. அப்புறம் 61 எங்கிருந்து வந்தது?

மலப் பரிசோதனையே வீண் என்று சொல்லவில்லை. கால்புரோடெக்டின் என்பது வெள்ளணுக்களில் உள்ள புரதம்; குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் கூடும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் அழற்சி இல்லை. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்க ஃபிட் பரிசோதனை இருக்கிறது. ஒரே கேள்வி, அதற்கு ஒரு பதில்.

அண்ணனுக்கு 52 வயது. அந்த இருபது பக்க ரிப்போர்ட்டில் ரத்தம் பற்றி ஒரு வரிகூட இல்லை. "தயிர் கிடக்கட்டும்ணே, முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றேன்.