ஈழத்துப் பட்டவன்

கொடும்பாளூர் மூவர் கோவிலுக்குப் போய்வந்தவர்கள் சிற்பங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கோ அந்த ஊர் வேளிரில் ஒருவருக்குக் கல்வெட்டு கொடுத்த அடைமொழிதான் பெரிது. சுந்தர சோழனின் படைத்தலைவன் பராந்தகன் சிறியவேளான் கடல் கடந்து போய்ப் போரில் இறந்தான்; கல்வெட்டு அவனை ‘ஈழத்துப் பட்ட’ என்று சொல்கிறது. செத்த இடமே பெயரில் ஒட்டிக்கொண்டது.

‘பொன்னியின் செல்வ’னில் கல்கி இந்தச் சாவை எடுத்துக்கொள்கிறார். அங்கே அது வானதியைத் தகப்பனில்லாத பெண்ணாக்குகிறது, பெரிய வேளாரின் கோபத்துக்கு விறகாகிறது. சாவு கதைக்கு உழைக்கிறது. அதற்காகக் கதை நிற்பதில்லை. சாகச நாவலின் இலக்கணம் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சோழர் கடல் என்றாலே நமக்குப் பாய்மரமும் புலிக்கொடியும் மட்டும் ஞாபகம் வருவதில் அந்த நாவலுக்கும் பங்குண்டு. துடுப்பு வலித்தவன் எங்கே? கல்வெட்டின் அடைமொழியும் தலைவனுக்குத்தானே!

1971 டிசம்பர் 9 இரவு, டையூ அருகே பாகிஸ்தான் நீர்மூழ்கி ‘ஹேங்கோர்’ நமது ‘குக்ரி’ கப்பலை மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கப்பலோடு போன கேப்டன் முல்லாவின் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். 176 எண்ணாகவே நிற்கிறது. தரவுகளோடு மாரடிப்பவனாகச் சொல்கிறேன்: கூட்டுத்தொகையிலிருந்து ஆட்களைத் திரும்ப எடுக்க முடியாது.

கடலில் போனவனுக்குப் புதைக்க உடம்பு கிடைப்பதில்லை. ஊர் எழுதி வைக்க முடிவது பேரும் பட்ட இடமும்தான். ஒரு தளபதிக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கிடைத்தது அது. கடற்போரை எழுதும் அடுத்த நாவல் அதை ஒரு மாலுமிக்குக் கொடுக்கட்டும்.