ஃபோர் ஸ்ட்ரோக் ஆயுசுக்கும் உழைக்குமா?

ரேடியோ கட்டுப்பாட்டு மாடல் விமானம் ஓட்டப் புதிதாக வருகிறவருக்குக் களத்து மூத்தவர்கள் தவறாமல் தரும் அறிவுரை இது: “விலையைப் பார்க்காதே தம்பி, ஃபோர் ஸ்ட்ரோக்கே வாங்கு. ஆயுசுக்கும் உழைக்கும்.” இதை இப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

1976-இல் ஓ.எஸ். நிறுவனம் எஃப்.எஸ்.-60 எஞ்சினைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த வகைக்கு ரசிகர்கள் இருப்பது நியாயமே. பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றும், எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும். முதல் உலகப் போர்க் கால இரட்டை இறக்கை விமானத்தின் மாதிரிக்கு அதன் அடங்கிய ஓசைதான் பொருத்தம். அதே கொள்ளளவு டூ ஸ்ட்ரோக்கைவிடத் திறன் குறைவுதான். ஆனால் 46 அளவு டூ ஸ்ட்ரோக் கேட்கும் விமானத்தில் 70 அளவு ஃபோர் ஸ்ட்ரோக் போட்டால் அந்தக் குறை தீர்ந்தது. வால்வு இடைவெளி பார்ப்பதும் பழகிவிட்டால் பெரிய வேலையில்லை.

‘ஆயுசுக்கும்’ என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. அது மோட்டார் சைக்கிளிலிருந்து வந்த நம்பிக்கை. அங்கே கிராங்க் கேஸின் அடியில் ஆயில் தேங்கி நின்று எல்லாவற்றையும் நனைக்கிறது. மாடல் எஞ்சினில் அப்படித் தேங்கும் ஆயிலே கிடையாது. மெத்தனாலோடு கலந்து வரும் எண்ணெய்தான் கதி. டூ ஸ்ட்ரோக்கில் அந்தக் கலவை முழுவதும் கிராங்க் கேஸ் வழியாகவே சிலிண்டருக்குப் போவதால், போகிற போக்கில் பேரிங்கைக் கழுவி எண்ணெயும் பூசிவிடுகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கலவை மேலே வால்வு வழியாக நுழைந்து, எரிந்து, மேலேயே வெளியேறுகிறது. பிஸ்டனைத் தாண்டிக் கசிவது மட்டுமே கீழே சேரும். கசிவதில் எண்ணெயோடு, எரிபொருளிலுள்ள நைட்ரோமீத்தேன் எரிந்து உண்டான அமிலமும் நீரும் இருக்கும். கிராங்க் கேஸையே பம்பாக்கி அதன் வழியே கலவையைச் செலுத்தும் ஒய்.எஸ். எஞ்சின்கள் விதிவிலக்கு, அவற்றை யாரும் புதியவர் கையில் கொடுப்பதில்லை.

மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்த ஒரு ஃபோர் ஸ்ட்ரோக்கின் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். பேரிங் குண்டுகளில் செம்பழுப்புத் துரு படர்ந்திருக்கும். புரொப்பெல்லரை மெல்லத் திருப்பினால் நறநறப்பு விரலுக்கே தெரியும். வெளியே அலுமினியம் புதுக்கருக்கு மாறாமல் மின்னிக்கொண்டிருக்கும்.

தடுக்க வழி உண்டு. ஒவ்வொரு நாளும் பறக்கவிட்டு முடித்ததும் எரிபொருள் குழாயைக் கழற்றி, மிச்சம் எரிந்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட வேண்டும். பிறகு கிராங்க் கேஸின் மூச்சுக்குழாய் வழியாக எண்ணெய் விட்டுச் சுற்ற வேண்டும். டூ ஸ்ட்ரோக் பழக்கத்தில் கார்புரேட்டரில் விட்டால் பிஸ்டனுக்கு மேலேயே நின்றுவிடும், பேரிங்குக்குப் போகாது. அறிவுரை சொல்கிற மூத்தவர்கள் இந்த மூச்சுக்குழாயைப் பற்றி வாயே திறப்பதில்லை. பாதி உண்மையைச் சொல்லி இரண்டு மடங்கு செலவை ஒருவர் தலையில் கட்டுவதை அறிவுரை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. முதல் பயிற்சி விமானத்துக்கு ஒரு சாதாரண 46 டூ ஸ்ட்ரோக்கை வாங்கிக் கொடுங்கள். ஏறவும் இறங்கவும் கை பழகி, எஞ்சினைத் தானே பிரித்து மாட்டத் தெரிந்த பிறகு, அந்த ஓசை வேண்டுமென்றால் ஃபோர் ஸ்ட்ரோக்கை அவரே தேடி வாங்கிக்கொள்ளட்டும்.