ஆறாம் வேற்றுமையில் ஒரு பெண்

‘பெண்ணின் வயிற்றில் இருந்த 10 கிலோ கட்டி அகற்றம்’. இப்படியான தலைப்புகளை வகுப்பில் இலக்கணத்துக்கு எடுத்துக்கொள்வேன். இதில் பெண் ஆறாம் வேற்றுமை. வயிற்றின் உடைமைக்காரி மட்டுமே.

1809இல் அமெரிக்காவின் கென்டக்கியில் எஃப்ராயிம் மெக்டவல், ஜேன் டாட் கிராஃபோர்டின் சினைப்பையிலிருந்து ஏறத்தாழ இதே எடையுள்ள கட்டியை மயக்க மருந்தில்லாமல் வெட்டியெடுத்தார். முன்பு பார்த்த மருத்துவர்கள் அதைக் கர்ப்பம் என்றிருந்தார்கள். வலியைத் தாங்கியது ஜேன். வரலாறு முன்னோடி என்பது மெக்டவலை.

இன்று, புற்றின் அறிகுறி இல்லையென்றால், லேப்ராஸ்கோப்பிச் சிறுதுளை வழியே நீரை உறிஞ்சி, சுருங்கிய கட்டியைப் பைக்குள் இட்டு எடுத்துவிடுகிறார்கள். தழும்பு சிறுத்துவிட்டது. தலைப்பு மாறவில்லை.

கட்டி அவ்வளவு பெரிதாகும்வரை அவள் சொன்னதை யார் கேட்டார்கள்? ‘அவள் சொன்னாள்’ என்று தொடங்கும் செய்தியில்தான் பெண் எழுவாய்.